கைத் தலையணைக்குள் ஒரு தோல் துண்டு

போன வாரம் பிரியா போன் செய்தாள். வேலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதே பிரிவில் இப்போது இருக்கிற பெண். நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில் சேர்ந்தவள். தங்கமான பெண். ஒரே குறை, எதையும் முழுசாகக் கேட்கமாட்டாள். நாம் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே "ஓகே டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"டீச்சர், கிராஃப்ட் ரூம காலி பண்றோம். விரல் பயிற்சிக்குப் புது மிஷின் வருது. பழைய அலமாரில ஒரு தலகாணி கிடந்துச்சு. குட்டியா, ஆனா கல்லு மாதிரி கனம். தூக்கிப் போட்டுடட்டுமா?"

"ஐயோ, போட்டுடாதடீ!" என்று நான் போட்ட சத்தத்தில், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் "இன்னா ஆச்சு?" என்று எழுந்து வந்துவிட்டார்.

"சரி சரி, போடல. ஓரம் பிரிஞ்சிருந்துச்சு டீச்சர், உள்ள பாத்தேன். எல்லாம் பொடிப் பொடித் துணி. நடுவுல ஒரே ஒரு தோல் துண்டு. ஷூவுக்கு வெட்டின மாதிரி இருக்கு. வரிசையா தையல் ஓட்டை, அதுல ஒன்னு மட்டும் தப்பான எடத்துல. இது எப்படி உள்ள போச்சு?"

"அது பெரிய கதை. நீ பாதியில ஓகே சொல்ற ஆளு. எழுதியே தர்றேன், உக்காந்து படி" என்றேன். அதற்கும் "ஓகே டீச்சர்" என்றாள்.

இது அவளுக்காக எழுதுவது. மற்றவர்களும் படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் தையல் டீச்சர். படித்தது, பரீட்சை எழுதியது, ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்தது, இதற்கெல்லாம் ஒரு வரிக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஃபெல்ட் துணியில் நட்சத்திரமும் தேவதூதனும் தைத்துக்கொண்டிருந்தேன். ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. கம்பளி மயிரை அமுக்கி அமுக்கியே செய்வது. வெட்டினால் ஓரம் பிரியாது, தொட்டால் பூனைக்குட்டியின் முதுகு போல இருக்கும்.

அந்த விற்பனை மேஜைக்கு முன்னால் வந்து நின்ற ஒரு அம்மா, என் தேவதூதனை எடுத்தார். எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்து "எவ்ளோ அழகு" என்பார்கள். இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குப்புறத் திருப்பி, முதுகில் தையல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்தார். "ம்" என்றார். அவர்தான் ஜெபமணி அம்மா, ஆஸ்பத்திரியின் கைப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவி. அடுத்த மாதமே எனக்கு அங்கே வேலை.

முதல் நாள் நெஞ்சு நிறைய கர்வத்தோடு போனேன். அம்மா என்னை உட்கார வைத்தார், என் வலது கட்டை விரலை உள்ளங்கையோடு சேர்த்து பேண்டேஜ் துணியால் இறுகக் கட்டினார். ஒரு யானை அச்சையும் சாம்பல் நிற ஃபெல்ட்டையும் முன்னால் வைத்தார். "தைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டை விரல் இல்லாமல் ஊசியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஊசி நழுவியது, நூல் நழுவியது, கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. யானைக்குக் கால் தைப்பதற்குள் என் நாக்கு வெளியே வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் கோபத்தில் அழுகையே வந்தது. இந்த வேலையும் வேண்டாம், இந்த அம்மாவும் வேண்டாம் என்று மனசுக்குள் ராஜினாமா எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா வந்து கட்டைப் பிரித்தார். மரத்துப்போன என் விரலைத் தன் கைக்குள் வைத்து மெல்ல நீவிவிட்டார். யானையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். கண்றாவியாக இருந்தது.

"ம். இப்ப வேலைக்கு வரலாம்" என்றார்.

ஜெபமணி அம்மா அதிகம் பேசமாட்டார். ரப்பர் செருப்பு, வெள்ளைப் புடவை, இடது தோளில் எப்போதும் நூல் கோத்த ஒரு ஊசி. யாரிடமும் "வலிக்குதா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "டீ குடிச்சீங்களா?" என்றுதான் கேட்பார். டீ வந்ததும், அந்த ஆள் டம்ளரை எந்த விரலால் வாங்குகிறார், எங்கே நடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். டீ முடிவதற்குள் அந்தக் கையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஒரு "ம்" என்றால் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு "ம்" என்றால் பாராட்டு. இரண்டாவது "ம்" கேட்க நான் காத்திருந்த காலத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று நடக்கவும் விட்டிருக்கலாம்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குப் பார்த்த நீள அறை, வரிசையாக ஜன்னல்கள். வெளியே ஒரு வேப்பமரம். வேலூர் வெயில் அந்த மரத்தில் பட்டு, சல்லடையில் சலித்த மாதிரிதான் உள்ளே வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேன் சுற்ற, வெட்டின ஃபெல்ட்டின் பொடி மயிர் எல்லாம் அந்த வெளிச்சத்தில் மிதக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள். பேச்சு தானாகக் குறையும். கத்தரிக்கோல் சத்தம், ஊசி துணிக்குள் போகும் சின்னச் சத்தம், யாரோ கொட்டாவி விடும் சத்தம். அந்த நேரத்தில் யாருக்கும் கை அடிபட்ட ஞாபகம் இருந்ததில்லை. எனக்கே பாதி நாள் விழித்துக்கொண்டிருக்கிறேனா தூங்குகிறேனா என்று சந்தேகம் வரும்.

சாமான்களுக்குப் பஞ்சமில்லை. குடியாத்தத்துத் தறிக்காரர்கள் லுங்கி வெட்டின துண்டுகளை மூட்டையாகத் தருவார்கள். குளுக்கோஸ் பாட்டில் மூடி சக்கரமாகும். பேண்டேஜ் சுற்றி வரும் அட்டைக் குழல் ஆந்தையின் உடம்பாகும். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் தும்பியின் இறக்கை. பழைய எக்ஸ்ரே படங்களைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, அதில்தான் அச்சு வெட்டுவோம். சிலது முழுசாக அழியாது. எங்கள் முயல் அச்சை வெளிச்சத்தில் பிடித்தால் வயிற்றுக்குள் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும்.

தோல் மட்டும் கிடையாது. ஆம்பூர் கம்பெனிகளில் கேட்டால் லாரியிலேயே அனுப்புவார்கள். அம்மா வாங்கமாட்டார். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடுகிற ஷாப்பிலும் கையைக் கொடுத்தவர்கள். "கைய அடிச்ச சாமான் இந்த ரூமுக்குள்ள எதுக்கு?" என்பார்.

ஃபெல்ட்டுக்குத்தான் பஞ்சம். வெளிநாட்டுச் சபையார் அனுப்பும் பார்சலில் எப்போதாவது வரும். அதனால் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். வரும் ஆள் முதலில் பெரிய யானை தைப்பார். முடிந்ததும் அதை அவரே தையல் பிரிக்க வேண்டும். பிரித்த துணியில் முயல். முயலைப் பிரித்துக் கிளி. கிளியைப் பிரித்து இலை. கடைசியில் பொன்வண்டு, விரல் நகம் அளவு. உருவம் சின்னதாக ஆக ஆக, கை நுணுக்கமாக வேலை செய்தாக வேண்டும். பொன்வண்டு வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதை மட்டும் எடுத்துப்போகலாம். மற்றதெல்லாம் அறையுடையது. வெட்டி வெட்டி இனிமேல் ஒன்றுக்கும் ஆகாது என்ற பொடித் துண்டுகள் ஒரு தலையணைக்குள் போகும். அடிபட்ட கையைப் பயிற்சிக்கு முன்னால் அந்தத் தலையணை மேல்தான் வைக்கச் சொல்வோம். ஒருவர் தைத்த யானை, வேறு யாருடைய கைக்கோ அடியில் இருக்கும்.

இப்போதும் மத்தியானத்தில் கண் அசந்தால் அந்த யானை வருகிறது. அறைக்குள் நடந்து வரும்போதே முயலாகி, கிளியாகி, ஜன்னலுக்குப் பக்கத்தில் போவதற்குள் பொன்வண்டாகி வெளியே போய்விடும். நான் அதைப் பிடிக்க எழுந்ததே இல்லை.

தையல் பிரிப்பதென்றால் எல்லோருக்கும் மனக்கஷ்டம்தான். மேல்விஷாரத்து காதர் பாய் சண்டைக்கே வந்துவிட்டார். தோல் ஷாப்பில் பெரிய பீப்பாய் சுற்றுகிற இடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வேலை செய்யும்.

"இன்னா டீச்சரம்மா, என் கிளிய நானே அறுக்கணுமா? பேஜாரா கீதே! மூக்கு பாருங்க, எவ்ளோ ஷோக்கா வந்துகீது. எங்க வூட்டம்மாகிட்ட கூட இவ்ளோ நாள் பேசாம இருந்ததில்ல, இதுக்காக வாய மூடிக்கிட்டு தச்சேன்."

"நீங்க வாய மூடுனீங்களா பாய்? எப்ப? எனக்குச் சொல்லவே இல்லியே" என்பேன். அறையே சிரிக்கும். பாய் சிரித்துக்கொண்டே பிரிப்பார், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பெருமூச்சு.

காதர் பாய் கிளியில் இருந்த சமயத்தில்தான் கஸ்தூரி வந்தாள்.

ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் மிஷின் ஓட்டுகிறவள். முப்பது வயசு இருக்கும். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுகிற மிஷின் ஒன்று உண்டு. அதில் உட்காருகிற ஆள் ஒரு நாள் வரவில்லை என்று இவளை உட்கார வைத்திருக்கிறார்கள். வட்டக் கத்தி வலது கட்டை விரலின் அடியில் இறங்கிவிட்டது. விரலை மடக்கும் தசைநார், நாங்கள் நரம்பு என்போம், அறுந்தது. ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். கட்டுப் பிரித்து, காயமும் ஆறிவிட்டது. ஆனால் விரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நின்றது.

"நரம்பு சேர்ந்துதான் இருக்கு, அவங்கதான் அசைக்கணும்" என்று பெரிய டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். அடுத்த முறை அவர் பார்க்கும்போதும் மடங்கவில்லை என்றால், மறுபடி திறந்து பார்க்க வேண்டியதுதான். மறுபடி திறந்தால் மறுபடி கட்டு, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. கம்பெனியில் மழைக்குப் பிறகு புது ஆர்டர் தொடங்குகிறது. அதுவரை அவள் சீட்டுக்கு ஆள் போடமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், அதற்கு மேல் முடியாது.

"சீட்டு போச்சுன்னா போச்சு டீச்சர். திரும்ப எடுக்க மாட்டாங்க" என்றாள் வந்த முதல் நாளே. "ரெண்டு பசங்க ஸ்கூல்ல படிக்குதுங்க. எனக்கு வேற வேலை தெரியாது. இது ஒன்னுதான் தெரியும், ஆனா இது நல்லா தெரியும்."

அப்படிச் சொன்னவள், யானையைக் கையில் கொடுத்தால் தைக்கமாட்டேன் என்கிறாள்!

மாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. ஊசியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாள். யானையை மடியில் வைத்துக்கொள்வாள். ஊசி நுனியைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், அங்கேயே நிறுத்திவிடுவாள். அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மத்தியான வெளிச்சத்தில் சிலை மாதிரி இருக்கும். சாயங்காலம் யானையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒரு குத்துக்கூட இருக்காது.

முதலில் வலி என்று நினைத்தேன். டீ கொடுத்துப் பார்த்த அம்மா "வலி இல்ல" என்றார். பிறகு, பொம்மை தைப்பதைக் கேவலமாக நினைக்கிறாளோ என்று தோன்றியது. காதர் பாய்க்கும் அதே எண்ணம்.

"தங்கச்சி, நான் தாடி வச்ச ஆளு, நானே கிளி தைக்கிறேன். உனக்கு இன்னா வெக்கம்?"

"வெக்கமெல்லாம் இல்ல பாய்" என்பாள், அவ்வளவுதான்.

டாக்டர் பார்க்கிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அவளைவிட எனக்குத்தான் அவசரம். எனக்குப் பொறுமை கம்மி, அது ஊருக்கே தெரியும். ஒரு நாள் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இன்னிக்கு நீ ஒரு தையலாவது போடாம நான் நகர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை இறக்கினாள். கை உதறியது. வரைந்திருந்த கோட்டை விட்டு விலகி, யானையின் விலாவுக்கு நடுவில் போய்க் குத்தியது.

ஊசியைப் பிடுங்கினாள், யானையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வேப்பமரத்தடிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி? குத்திக்கிட்டியா?"

"பீஸ் ரிஜெக்ட் ஆய்டுச்சு டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. யானையை எடுத்துக் காட்டினாள். கோட்டுக்கு வெளியே ஒரு ஊசிக் குத்து. அவ்வளவுதான்.

"தோல்ல ஒரு வாட்டி ஊசி எறங்குச்சுன்னா எறங்குனதுதான் டீச்சர். நூல உருவலாம், ஓட்டைய இன்னா பண்றது? அது சாவற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். சூப்பர்வைசர் ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுல தூக்கிப் பிடிச்சு பாப்பாரு. தப்பான எடத்துல வெளிச்சம் வந்துச்சுன்னா ரிஜெக்ட். அந்த பீஸ நூல்ல கட்டி, யாரு தச்சாங்களோ அவங்க மிஷின் மேலயே தொங்க விட்டுடுவாங்க. அன்னிக்கு பூரா தொங்கும். லைன்ல போறவங்க வர்றவங்க எல்லாம் பாப்பாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சேந்ததுல இருந்து என் மிஷின்ல ஒன்னுகூட தொங்குனதில்ல டீச்சர். இந்தக் கை இப்ப எங்க குத்தும்னு எனக்கே தெரியல. தெரியாம எப்படி நான் ஊசிய வெப்பேன்?"

அடக் கடவுளே என்று இருந்தது. இத்தனை நாளும் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஃபெல்ட்டைத் தோல் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கெடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளை அணைத்துக்கொண்டு உள்ளே கூட்டி வந்தேன். அதற்குள் அம்மா வந்து நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா யானையை வாங்கினார், ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் செய்வது போலவே. கஸ்தூரியின் கை என் கைக்குள் விறைத்தது. யானையின் விலாவில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

அம்மா திரும்பி வந்து யானையை அவளிடம் நீட்டினார்.

"ஓட்டைய மூடிக்குடும்மா."

"எப்படிம்மா மூடறது? ஓட்டை விழுந்துடுச்சே."

"தேச்சுப் பாரு."

கஸ்தூரிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெரியவர் சொல்லிவிட்டார். யானையை இடது கையில் பிடித்துக்கொண்டாள். வலது ஆள்காட்டி விரலைத் துணிக்கு அடியில் கொடுத்து, கட்டை விரலை அந்தக் குத்தின் மேல் வைத்துத் தேய்த்தாள்.

கட்டை விரல் மடங்கியது.

நுனிக் கணு மட்டும், கொஞ்சமாக. மறுபடியும் மடங்கியது. ஈரக் கொடி காற்றில் லேசாக ஆடுகிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். சத்தம் போடாதே என்று அர்த்தம். அவள் விரலைப் பார்க்கவில்லை, ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைப் பார்த்துவிட்டால் அது நின்றுவிடும். எதிரில் காதர் பாயும் கண்டுவிட்டார். அவருக்கு வாய் துடித்தது. அம்மா ஒரு பார்வை பார்த்தார். பாய் தன் கிளியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் அதுதான் நீண்ட மௌனமாக இருந்திருக்கும்.

கஸ்தூரி யானையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். வெளிச்சம் எங்கேயும் வரவில்லை. கம்பளி மயிர் நகர்ந்து ஓட்டையை மூடிவிட்டது.

"காணோம்!" என்றாள் குழந்தை மாதிரி.

உடனே ஊசியை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு குத்துக் குத்தினாள். தேய்த்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள். காணோம். இன்னொன்று. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதுதான் வேலை. குத்துவதும் தேய்ப்பதும் தூக்கிப் பார்ப்பதும். ஃபேன் சுற்றியது, பொடி மயிர் மிதந்தது, வேப்பமர நிழல் தரையில் நகர்ந்து நகர்ந்து அவள் பாதம் வரை வந்தது. யானையின் உடம்பில் வெளிச்சம் விழுவதும் மறைவதுமாக இருந்தது. நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மத்தியானத்தை மட்டும் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதைத்தான் கேட்பேன்.

சாயங்காலம் போகும்போது சொன்னாள்: "தோலு ஒன்னையும் மறக்காது டீச்சர். இது உடனே மறந்துடுது."

டாக்டர் பார்க்கும் நாள் வந்தது. நானும் அம்மாவும் அவளோடு போனோம். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் வெளியே கூட்டம் நின்றது. அவள் கையை மேஜை மேல் வைத்தார்.

"கட்டை விரல மடக்குங்கம்மா."

கஸ்தூரி தன் விரலை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை பூத்தது. விரல் குச்சி மாதிரி நின்றது.

"இன்னொரு தடவ. மெதுவா, பயப்படாம."

அசையவில்லை. அந்தப் பாழாய்ப்போன விரலை நானே பிடித்து மடக்கிவிடலாமா என்று இருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். "நாம இன்னொரு முறை திறந்து பாத்துடலாம்" என்றார் மென்மையாக. கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

ஜெபமணி அம்மா தோளில் இருந்து ஊசியை எடுத்தார். கைப்பையில் இருந்து யானையை எடுத்தார். டாக்டர் முன்னாலேயே அதன் முதுகில் கண்டபடி குத்து குத்தென்று குத்தினார்.

"கஸ்தூரி, பீஸ கெடுத்துட்டேன். சரி பண்ணிக்குடு."

அவ்வளவு நேரம் அழுதவள், யானையைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள். "இன்னாம்மா நீங்க! கோடு போட்டுகீதே, அதும்மேல போட வேணாமா? இப்படியா குத்துவாங்க?" என்று அம்மாவையே திட்டிக்கொண்டு, பிடுங்கித் தேய்க்க ஆரம்பித்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. "திறக்க வேணாம். இதையே பண்ணட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன். கஸ்தூரிதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை எந்த விரலால் பிடித்திருக்கிறாள் என்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். யானை முயலானது, முயல் கிளியானது. தையல் பிரிக்கச் சொன்னால் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், இவளுக்கு அதுதான் கொண்டாட்டம். பிரித்துவிட்டு, தேய்த்துத் தேய்த்துத் துணியைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டுத்தான் வெட்டுவாள். காதர் பாய் தன் பொன்வண்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனார். போகும்போது, "தங்கச்சி, நான் பேசாம இருந்ததாலதான் உன் வெரல் மடங்குச்சு, ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மழை விட்டு ஆர்டர் தொடங்குவதற்கு முன்னால் கஸ்தூரியும் ஒரு சிவப்புப் பொன்வண்டோடு ஆம்பூர் பஸ் ஏறினாள்.

கொஞ்ச காலம் சேதி இல்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனாலும் யானையை யாரிடமாவது கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிஷினும், அதன் மேல் கட்டிய நூலும் ஞாபகம் வரும். சீட்டு கிடைத்ததா? கிடைத்தாலும் தோலில் ஊசியை இறக்கும் தைரியம் வந்ததா? தோல் மறக்காதே.

கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு நாள், மத்தியானம் அறை வாசலில் வந்து நின்றாள். தலை நிறைய மல்லி. கையில் பேப்பர் சுற்றின ஏதோ ஒன்று. ஸ்வீட் என்று நினைத்துக் கை நீட்டினேன். பிரித்தால், கறுப்புத் தோல் துண்டு. ஷூவின் மேல்பக்கத்துக்கு வெட்டியது. வரிசையாக, எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் தையல் ஓட்டைகள். நடுவில் ஒன்று மட்டும் கோட்டை விட்டு வெளியே.

"என் மிஷின்ல தொங்குச்சு டீச்சர்!" என்றாள். சொல்லும்போதே சிரிப்புத் தாங்கவில்லை அவளுக்கு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போன ரெண்டாம் நாளே கை உதறிடுச்சு. கட்டித் தொங்க விட்டாங்க. சாயங்காலம் எனக்கே குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் தேச்சு தேச்சு பாத்தேன், சனியன், மூடல!"

"கஷ்டமா இல்லியாடி உனக்கு?"

"தொங்குன ஒடனே உயிரே போய்டும்னு நெனச்சேன் டீச்சர். எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன்." தோளைக் குலுக்கினாள். "அப்பால அடுத்த பீஸ எடுத்தேன்."

பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெபமணி அம்மா வந்து அந்தத் துண்டை வாங்கினார். அந்த அறைக்குள் தோலை விடவே விடாத அம்மா. முதலில் திருப்பி முதுகைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார். கோட்டுக்கு வெளியே இருந்த ஓட்டை வழியாக வேப்பமர வெயில் அவர் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தது.

"ம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "ம்."

மேஜை மேல் இருந்த கைத் தலையணையை எடுத்தார். ஓரத் தையலைப் பிரித்தார். எத்தனையோ பேருடைய யானைகளுக்கும் முயல்களுக்கும் நடுவில் அந்தத் தோல் துண்டை வைத்து, தோளில் இருந்த ஊசியாலேயே தைத்து மூடினார். அப்புறம் கஸ்தூரியைப் பார்த்து, "டீ குடிச்சியா?" என்று கேட்டார்.

இதுவரை எழுதியதை அனுப்பிவிட்டு, இன்று காலையில் பிரியாவுக்குப் போன் செய்தேன். படித்துவிட்டாளாம்.

"அந்தத் தோல் துண்டு கைல இருக்கா? ஜன்னல்கிட்ட போய்த் தூக்கிப் பிடி" என்றேன்.

நடக்கும் சத்தம் கேட்டது.

"வெளிச்சம் வருது டீச்சர்."

"கட்டை விரலால தேச்சுப் பாரு."

தேய்த்திருப்பாள். ரொம்ப நேரம் தேய்த்தாள் என்று நினைக்கிறேன்.

"மூடல டீச்சர்."

"மூடாது. உள்ள வச்சு, தலகாணியத் தச்சுடு. யாராவது கை வைக்கட்டும்."

அவள் ஓகே சொல்லவில்லை.

"எந்தத் தையல் போடணும் டீச்சர்?" என்று கேட்டாள்.